முடியாது என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்

கோட்டக்குப்பத்தில் பொதுவேலைக்கு இப்போதுதான் இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ரத்தம் வேண்டும் என்றால் ஓடுகிறீர்கள், ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அலைகிறீர்கள், மையத்து வீட்டில் நாற்காலி தூக்குகிறீர்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நாற்பது வருஷம் நானும் யார் கேட்டாலும் தலையாட்டியவன்.

1. ஏற்றுக்கொண்ட வேலை அமானிதம். பிறர் நகையை வாங்கி வைத்தால் எப்படிக் காப்போமோ, அப்படிக் காக்கவேண்டியது.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் விதவை ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். பென்ஷன் தடைபடாமல் வர, உயிரோடு இருப்பதற்கான சான்றை வருஷாவருஷம் அனுப்பவேண்டும். படிவத்தை பிளாஸ்டிக் பையில் மடித்து, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். “தம்பி, இதை மட்டும் மறந்துடாதப்பா” என்றார். சரி என்றேன். அதே வாரம் ஒரு கல்யாணப் பந்திக்கும், ஒரு பட்டாத் தகராறுக்கும், பள்ளி ஆண்டுவிழாவுக்கும் சரி என்றிருந்தேன். படிவம் என் ஸ்கூட்டர் டிக்கியில் பத்தொன்பது நாள் கிடந்தது. பென்ஷன் நின்றுபோய் மறுபடி வர நாலு மாசம். அதுவரை அவர் அரிசியைக் கடனுக்கு வாங்கினார் என்பது கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடியாது என்று அன்றே சொல்லியிருந்தால், எதிர்வீட்டுப் பையன் மறுநாளே கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான்.

2. ‘இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்’ என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். செய்வேன் என்ற உறுதியோடு, இறைவன் நாடினால் என்று பணிந்து சொல்லவேண்டிய சொல் அது. மனசுக்குள் மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டு வாயால் அதைச் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன். கேட்டவர் நம்பிப் போகிறார், இரண்டு வாரம் காத்திருக்கிறார். ஊரில் இந்தப் பழக்கம் ரொம்பப் பரவிவிட்டது. உங்கள் தலைமுறையாவது விட்டுவிடட்டும்.

3. மறுப்பை முதலில் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லலாம். இதற்கு நம் ஊர் எல்லையைத் தாண்டினாலே ஒரு உதாரணம் உண்டு. 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரிக்கு வந்த அரவிந்தருக்கு, பத்து வருஷம் கழித்தும் அழைப்புகள் நிற்கவில்லை. 1920 ஜனவரியில், பம்பாயில் தொடங்கவிருந்த ஓர் ஆங்கில நாளிதழுக்கு ஆசிரியராக வரும்படி ஜோசப் பாப்டிஸ்டா கேட்டதற்கு மறுத்தார். அதே வருஷம் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகிக்கும்படி டாக்டர் மூஞ்சே அழைத்தார். அன்றைக்கு நாட்டிலேயே அதைவிடப் பெரிய மேடை கிடையாது. அரவிந்தர் முதலில் தந்தியில் முடியாது என்றார். பிறகு ஆகஸ்ட் 30 அன்று, காங்கிரசின் கொள்கை உறுதிமொழியில் மனமொப்பிக் கையெழுத்திட இயலாததையும், தாம் எடுத்துக்கொண்ட வேலை வேறு என்பதையும் ஒளிவில்லாமல் விளக்கிக் கடிதம் எழுதினார். உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்ற சாக்கு எதுவும் சொல்லவில்லை.

மாநாடு நின்றுவிட்டதா? டிசம்பரில் நம் சேலத்துக்காரர் சி. விஜயராகவாச்சாரியார் தலைமையில் நடந்தது. நான் இல்லாவிட்டால் இது நடக்காது என்ற எண்ணம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு மறுத்தால் இன்னொருவர் வர வழி உண்டு. கடைசி நாள் வரை இழுத்தால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும்.

4. நோட்டீஸில் பெயர் போடுகிறோம், வந்து நின்றால் போதும் என்பார்கள். நிற்பதற்கும் நேரம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. விளைந்து முடிந்த வேலையை விட்டு வெளியே வரவும் பழகவேண்டும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஒருநாள் விடியுமுன் என்னைப் பாத்தி வரப்பில் நிறுத்திக் காட்டினார். தண்ணீர் காய்ந்து செறிந்து, போமே அளவையில் 25 டிகிரியைத் தாண்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதற்கு மேலும் மேலும் காயவிட்டு 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கும். அப்புறம் உப்பு கசக்கும், மூட்டையில் ஈரம் கசியும். அதனால் உப்பு படிந்ததும் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை கசப்பு போகவில்லை.

ஒரு சங்கத்தில் பதினோரு வருஷம் நான் பொருளாளர். முதல் நாலு வருஷம் நன்றாக விளைந்தது. மிச்சம் ஏழு வருஷம், வேறு யார் இருக்கிறார்கள் என்ற பேச்சிலேயே காய்ந்தது. கூட இருந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன், கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே வெறுத்தது. ஆளைத் தயார் செய்து, சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

6. பெரியவர்களிடம் மறுக்கக் கூச்சமாக இருக்கும். “மாமா, வெள்ளிக்கிழமை வரை கையில் ஒரு வேலை இருக்கு, அதை அரைகுறையா விட முடியாது” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அன்று கோபப்பட்டாலும், நீங்கள் சரி என்று சொன்னதை மட்டும் செய்து காட்டுங்கள். ஒரு வருஷத்தில் உங்கள் சொல்லுக்கு எடை வந்துவிடும்.

7. புயல் நாளுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மூன்று நாள் யார் எதைக் கேட்டாலும் எல்லோரும் செய்தோம், செய்யத்தான் வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு வேலை நூறு வந்தது. நான் ஒன்றை மட்டும் எடுத்தேன். ஒரே ஒரு தெருவில், நனைந்துபோன ரேஷன் அட்டை, பட்டா, பென்ஷன் காகிதங்களை உலர்த்தி, போனதற்கு நகல் வாங்கித் தருவது. மற்ற தெருக்காரர்கள் கேட்டபோது, முடியாது என்று சொல்லி, யாரிடம் போகலாம் என்பதையும் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு தெருவின் கடைசி வீட்டு மனு முடிந்து கைக்கு வர பிப்ரவரி ஆயிற்று.