கரிசலில் உறிஞ்சுகுழி வேண்டாம்

கேள்வி: ஐயா, சாத்தூர் பக்கம் ஒரு சிறிய பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கிறேன். இரண்டு ஏக்கர், முழுக்கக் கரிசல். போன ஐப்பசி மழையில் மருந்து அறைகளைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர் மூன்று நாள் வடியாமல் கிடந்தது. ஓர் அறையின் அடிச்சுவரில் விரிசலும் விட்டிருக்கிறது. நான்கு மூலையிலும் உறிஞ்சுகுழி தோண்டலாம் என்கிறார் முதலாளி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டு ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,000 சதுர மீட்டர். ஒரே இரவில் 10 செ.மீ. மழை பெய்தால் உங்கள் இடத்தில் விழும் தண்ணீர் மட்டும் 8 லட்சம் லிட்டர். நீளம், அகலம், ஆழம் எல்லாம் 2 மீட்டராக நான்கு குழி தோண்டினாலும், நான்கும் சேர்ந்து பிடிப்பது 32,000 லிட்டர்தான். தேரிக்காட்டு மணலாக இருந்தால் குழி நிறைய நிறைய உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கரிசல் அப்படியில்லை. ஈரம் பட்டதும் உப்பி, தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதன்பின் குழி வெறும் தொட்டி.

உங்கள் சுவர் விரிசலுக்கும் இதே மண்தான் காரணமாக இருக்கும். கோடையில் வெடித்த பிளவுகளின் வழியே முதல் மழை நேராக அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்குகிறது. அங்கே மண் உப்பிச் சுவரைத் தூக்குகிறது, காய்ந்ததும் கீழே விடுகிறது. ஆகவே சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்கவே கூடாது. ஒவ்வோர் அறையைச் சுற்றியும் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கரிசலை ஓரடி ஆழம் எடுத்துவிட்டு, சரள் போட்டு இறுக்கி, மேலே வெளிப்பக்கம் 3 செ.மீ. தாழ்வாகத் தளம் போடுங்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தில் சந்து விடாமல் பூசவேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, அது உள்ளே நுழையும் இடத்தைப் பாருங்கள். நம் பகுதியில் நிலம் பொதுவாக மேற்கே மலைப்பக்கம் உயர்ந்து கிழக்கே சரியும். பக்கத்து மானாவாரிக் காட்டுத் தண்ணீரும் உங்கள் வேலிக்குள் வந்துகொண்டிருக்கலாம். மேட்டுப் பக்க வேலியோரம் ஒரு வாறுகால் எடுத்து, அந்த வரத்தை ஆலைக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோனாலே பாதிப் பாரம் குறையும். கண்ணால் மட்டம் பார்க்காதீர்கள். கொத்தனாரின் டியூப் மட்டம் போதும். 10 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கமாவது இருக்கவேண்டும்.

வாறுகாலுக்குப் போக்கிடமும் வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் சங்கதி இங்கேதான் கெடுகிறது. வெளியே ஓடை சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும், சாலைக்கடியில் போகும் குழாயைக் காகிதக் குழல்களும் அட்டைத் துண்டுகளும் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் உள்ளே எவ்வளவு செலவழித்தாலும் வீண். ஊராட்சியில் சொல்லி ஓடையைத் திறந்துவிடுங்கள். அடுத்தவர் புஞ்சையில் திருப்பிவிடுவது தீர்வாகாது.

பட்டாசு ஆலை என்பதால் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். மருந்து அறையைக் கழுவிய தண்ணீர் மழைநீர் வாறுகாலில் சேரவே கூடாது. அந்த ஓடை கடைசியில் ஒரு கண்மாய்க்குத்தான் போகிறது. ஆடுமாடு குடிக்கும் தண்ணீர் அது. கழுவுநீருக்குத் தனித்தொட்டி கட்டி மூடிவையுங்கள். கழிவு மருந்துக் குழியைச் சுற்றிக் கரை உயர்த்தி, மழைத் தண்ணீர் இறங்காமல் பாருங்கள். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வினை நடந்து ஹைட்ரஜன் வரும், சூடு ஏறும், தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். நனைந்த மருந்தை வெயிலில் காயவைத்து மறுபடி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். மருந்து விலையைப் பார்த்து மனுஷ உயிரைக் கொடுக்க முடியாது.

தோண்டுவதிலும் கவனம் வேண்டும். அறை வாசல் மண்ணில் பல வருஷத்து மருந்து சிந்திக் கிடக்கும், மண்வெட்டி கல்லில் பட்டால் பொறி பறக்கும். உற்பத்தியை நிறுத்தி, எல்லா அறைகளையும் காலி செய்து, மண்ணை நனைத்து, அந்த நனைந்த மண்ணைக் குவித்துவைக்காமல் அன்றன்றே அப்புறப்படுத்திய பிறகே வேலை தொடங்கவேண்டும். ஜேசிபி வந்தாலும் இதேதான். அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து எதை மாற்றுவதாக இருந்தாலும் சிவகாசியில் உள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

எப்போது செய்வது என்பதுதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முந்தைய ஆவணி, புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும், ஒரு நாள் நிறுத்தவும் மனம் வராது. ஆகவே ஆவணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். முதலாளி தயங்கினால் 2023 டிசம்பரை நினைவூட்டுங்கள். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. விருதுநகர் மாவட்டத்துக்குச் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையே அதைவிடக் குறைவு. அப்படியொரு மழையை எந்த வாறுகாலும் தாங்காது, உண்மைதான். அதனால் மருந்து மூட்டைகளைத் தரையில் வைக்காமல், தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு இரண்டடி மேலே மரப்பலகையில் அடுக்குங்கள்.

வேலை முடிந்ததும், அறைகள் காலியாக இருக்கும் அதே நாளில், ஒரு டேங்கர் லாரித் தண்ணீரை மேட்டுப் பக்கம் திறந்துவிட்டுக் கூடவே நடந்துபோங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சுண்ணாம்பால் குறி போட்டு, மறுநாளே அந்த இடத்தைத் திருத்துங்கள்.