சுஜூதுக்கும் மடங்க வேண்டிய முழங்கால்

முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். சவ்வு அறுந்தவர்கள் டொக்டரிடம் முதலில் கேட்பது, "திரும்ப எப்ப பந்தடிக்கலாம்?" என்றுதான். நானும் சந்தாங்கேணி மைதானத்தில் விழுந்தவன்தான். பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. ஆனால் நான் கேட்டது தொழுகையைப் பற்றி: "சுஜூது செய்யலாமா டொக்டர்?"

அந்தக் கேள்வியால்தான் பேச்சு சரியான இடத்துக்குப் போனது. அறுந்த சவ்வைத் தைத்துவிட்டால் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அதனால் நம் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுக்கிறார்கள். சிறு துளை வழியே கெமரா விட்டுப் பார்த்தபடி தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, அதை உள்ளே இழுத்து, ஸ்குரூவாலோ சின்ன உலோகப் பொத்தானாலோ இறுக்குகிறார்கள். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாண் உறுதியானது. இரு முனையிலும் எலும்புத் துண்டோடு வருவதால் சீக்கிரம் பொருந்தும்; விளையாட்டு வீரர்கள் பலருக்கு அதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் முட்டி போடும்போது முன்பக்கம் நோகும் வாய்ப்பு அதில் கூடுதல். ஐந்து வேளையும் முழங்காலை நிலத்தில் வைப்பவனுக்கு அது சின்ன விஷயமல்ல. தொடையின் பின்பக்க நாணில் அந்தத் தொல்லை குறைவு. பதிலுக்குப் பின்தொடையின் பலத்தை மீட்க நிறைய உழைக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே தோல் மரத்தும் கிடக்கலாம். சில்லுக்கு மேலுள்ள நாணையும் எடுக்கிறார்கள். எனக்குப் பின்தொடை நாண்தான். எது சிறந்தது என்று தேத்தண்ணிக் கடையில் வாதாடிப் பயனில்லை. மருதமுனையில் குழித்தறி மிதிப்பவருக்கும் மணலில் தோணி தள்ளுபவருக்கும் முழங்காலால் ஆக வேண்டிய வேலை வேறு வேறு. அதைச் சொல்லிவிட்டு முடிவைக் கேளுங்கள்.

வீக்கம் வற்றி, கால் முழுதாக நீளும்வரை ஒபரேஷனுக்கு அவசரப்படவும் வேண்டாம். விறைத்த முழங்காலில் கத்தி வைத்தால் பிறகும் அது விறைத்தே நிற்கப் பார்க்கும்.

கல்யாணம் முடித்த பெண் வீட்டில் இருப்பவன் நான். மாமியின் கவனிப்பு எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒபரேஷன் முடிந்து வந்ததும் முழங்காலுக்குக் கீழே மெத்தென்று தலகாணி வைத்துவிட்டார். பிசியோதெரபி மிஸ் கேட்டதும் தலையிலடித்துக்கொண்டார். "முழங்காலுக்குக் கீழ வெக்கப்படா. குதிக்காலுக்குக் கீழ துவாயச் சுருட்டி வைங்க. மடக்கிறது பிறகும் வரும், நீட்டுறதுதான் முதல் வேல." முழுதாக நீளாத கால் நடக்கும்போதெல்லாம் நொண்டும். தொடையின் முன் தசையை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சியும் முதல் நாட்களிலேயே தொடங்க வேண்டியது. வீக்கத்துக்குப் பயந்து அந்தத் தசை உறங்கிவிடுகிறது.

பார்க்க வருபவர்கள் நோ எண்ணெய் கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பூச வேண்டாம். தையல் காயத்தில் எண்ணெய் ஆகாது. கெண்டைக்கால் வீங்கி நோகும்போது உருவிவிடுவது ஆபத்து. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அப்படி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோடு காயம் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஒபரேஷன் செய்த கால் முதலில். ஒற்றை ஊன்றுகோல் என்றால் மறுபக்கக் கையில். கொமட் இல்லாத வீட்டில் ஒபரேஷனுக்கு முந்தியே ஒரு கொமட் கதிரை தேடிக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் ஏமாற்றுவது நோவு போன பிறகு வரும் காலம்தான். வைத்த நாணுக்குள் புது இரத்தக்குழாய்கள் ஊடுருவி அது சவ்வாக மாறும் வழியில், ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களுக்குள், முன்னைவிடப் பலவீனமாகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் கால் நலமாகத் தெரியும், மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணவும் மனம் வரும். உதைபந்தாட்ட வீரர் நெய்மாருக்கு 2023 ஒக்டோபரில் உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் இதே சவ்வும் கூடவே முழங்கால் குருத்தெலும்பும் போயின. எத்தனை வசதி இருந்தும் அவர் மறுபடி களமிறங்கியது 2024 ஒக்டோபரில். 9 மாதத்துக்கு முன் பந்தைத் தொடும் கால்களில் சவ்வு மறுபடி அறுவது கூடுதல் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. 9 மாதம் ஆனாலும் போதாது. ஒற்றைக் காலில் தாவும் தூரமும் தொடையின் பலமும் மற்றக் காலுக்குக் கிட்டவாவது வர வேண்டும்.

தொழுகை முதலில் கதிரையில்தான். மார்க்கம் தந்த சலுகை, கூச்சப்பட ஒன்றுமில்லை. பிறகு மெத்தை விரித்துச் சுஜூது. இருப்பில் காலை முழுதாக மடக்கி உட்கார்வது எனக்கு ஓட்டத்துக்கும் பிந்தியே வந்தது. அதுவரை அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டி இருந்துகொள்ளலாம்; சந்தேகமிருந்தால் பள்ளி மௌலவியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.