தும்பை விதையை எப்போது தூவலாம்?

கண்ணு, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற அரை சென்ட்டில் தும்பையும் ஆவாரையும் வளர்க்கணும், விதையை எப்போது போடட்டும் என்று கேட்டாய். ஆடிப்பட்டம்தானே அக்கா என்று நீயே ஒரு பதிலும் சொன்னாய். கொஞ்சம் பொறு. ஆடிப்பட்டம் சோளத்துக்கும் கடலைக்கும் போட்ட கணக்கு. உழுது, விதைத்து, மண்ணை மூட அங்கே ஆள் உண்டு. தும்பையும் சிறுபீளையும் மண்ணுக்கு மேலேயே கிடந்து முளைக்கிறவை. பீளை விதை பஞ்சோடு ஒட்டியிருக்கும், ஊதினாலே போதும். இங்கே உடுமலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் நான் ஆடியில் பீளையைத் தொடுவதே இல்லை.

நீ இருப்பது தாம்பரம். அங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். மழை பிடித்த பிறகு தூவிக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரே ராத்திரி கொட்டுகிற மழை அத்தனை விதையையும் வாரிக்கொண்டு போய்த் தண்ணீர் தேங்கும் மூலையில் சேர்த்துவிடும். அதனால் புரட்டாசி பாதியில், சாயங்கால மழை இரண்டு மூன்று விழுந்ததும் தூவு. அடைமழை வருவதற்குள் நாற்று வேர் பிடித்து நிற்கணும்.

ஒரே மழையை நம்பாதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரையில் நல்ல கோடைமழை. மண்வாசம் வந்ததும் மனசு கேட்காமல், டப்பாவில் இருந்த தும்பை விதை முழுவதையும் தூவிவிட்டேன். ஆறே நாளில் பச்சைப் பொடி தூவினது மாதிரி முளைத்தது. பின்னாலேயே அக்னி நட்சத்திரம். குடத்தில் கொண்டுபோய் ஊற்றினேன், பழைய சேலையைக் கட்டி நிழல் கொடுத்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை. அடுத்த வருஷத்துக்கு விதையும் இல்லை. எனக்கு அன்று அழுகையே வந்தது. அதிலிருந்து விதையை மூன்று பங்காகப் பிரித்து, பத்து நாள் இடைவெளி விட்டுத்தான் தூவுகிறேன். மண்ணில் விரலை விட்டுப் பார். இரண்டு கணு ஆழம் ஈரம் இருந்தால்தான் முதல் பங்கு. காய்ந்த மண்ணில் போட்டால் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும்.

தும்பை விதை பொடிசு. ஒரு கை விதைக்கு நான்கு கை மணல் கலந்து வீசினால் ஒரே இடத்தில் குவியாது. மண் போட்டு மூட வேண்டாம். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிடு, போதும்.

ஆவாரை வேறு ஜாதி. காய்ந்த நெற்றை உரித்தால் ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை தட்டையாக இருக்கும். தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் எப்போது முளைக்கும் என்று சொல்லவே முடியாது. உப்புத்தாளில் ஓரத்தை லேசாகத் தேய், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடு. காலையில் பார்த்தால் சிலது உப்பி, பளபளப்புப் போய் இருக்கும்; அவற்றை அன்றே அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றிவிடு. உப்பாததை மறுபடி தேய்த்து ஊறவை. வேலியோரம் சங்குப்பூ விட ஆசையிருந்தால் அதற்கும் இதே வைத்தியம்தான். ஆவாரைக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது, மேடான பக்கமாகப் பார். இந்தப் பொங்கல் காப்புக்கட்டுக்கே அதில் பூ பறிக்கலாம் என்று எதிர்பார்க்காதே, அது புதர் கட்ட நாளாகும்.

செங்காந்தளும் வேணும் என்றாய். விதை போட்டால் பூவைப் பார்க்க வருஷக்கணக்காகும். கிழங்குதான் சரி. அதை மட்டும் ஆனி, ஆடியிலேயே நட்டுவிடணும். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. காட்டிலிருந்து தோண்டி வராதே, பயிர் செய்கிறவர்களிடம் வாங்கு. கிழங்கும் விதையும் கொடிய விஷம். உன் சின்னவனுக்கு மண்ணில் விளையாடுகிற வயசு. அவன் பள்ளிக்கூடம் போகிறவரை செங்காந்தளே வேண்டாம் என்பேன்.

முளைத்த பிறகு ஒன்று கவனி. களை என்று நினைத்து வேலைக்கு வருகிறவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார். தும்பைத் தண்டை விரலிடையில் உருட்டிப் பார், நான்கு பட்டையாக இருக்கும். அதை அவருக்கும் காட்டிக் கொடு.

தை, மாசியில் தும்பைத் தலை பழுப்பேறிக் காய்ந்ததும் காகிதத்தை விரித்து, செடியைத் தலைகீழாகத் தட்டினால் விதை உதிரும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தித் துணியில் முடிந்து வை, பிளாஸ்டிக் கவர் வேண்டாம். எல்லாச் செடியையும் தட்டிவிடாதே, பாதியை அப்படியே விடு. அதன் விதை தானாக விழுந்து, எந்த மழைக்கு முளைத்து நிற்கிறது என்று ஒரு நோட்டில் தேதியைக் குறித்து வை. அடுத்த வருஷம் நீ தூவ வேண்டிய நாள் அதுதான்.