முடிந்த முடிபு

சித்தாந்தம் என்னுஞ் சொல்லுக்கு முடிந்த முடிபு என்பது பொருள். அப்பெயரைக் காட்டி, "முடிந்ததனை வினாவுதல் தகாது" என்று பிள்ளைகளை அடக்குவாரும் நம்முள் உளர். இதுபற்றி ஆசிரியர்கள் சிந்திக்கற்பாலன சில கூறுவாம்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து 12 சூத்திரப் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையான் நிறுவினார். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே 14 மதங்களை மறுக்கப் புகுந்து, அவ்வம் மதத்தார் கொள்கையை முதற்கண் எடுத்துக் கூறிப் பின்னரே மறுத்தார். ஆராயாது கொள்ளத்தக்கது முடிபாயின், இவ்வுழைப்பு எற்றுக்கு?

"குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஒரு கருத்தா உண்டு" என்று கற்பிக்கின்றோம். மருதனார்மடத்து வகுப்பொன்றிலே ஒரு பிள்ளை, "அக்கருத்தாவைப் படைத்தவர் யாவர்?" என வினாவின், சினவாது முதற் சூத்திரத்தின் ஏதுவை எடுத்துக் காட்டுக. தோன்றி நின்று ஒடுங்குதலினாலன்றோ உலகுக்குக் கருத்தா வேண்டப்பட்டது? தோற்றமில்லாத முதல்வனிடத்து அவ்வேது செல்லாது. வினாவாத பிள்ளை உவமையை மாத்திரம் அறியும். வினாவிய பிள்ளை ஏதுவின் எல்லையையும் அறியும்.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், பிள்ளைகளின் பொருட்டுச் சைவ வினாவிடை செய்தருளினார்கள். அதனை மனனஞ் செய்தல் கல்விக்குத் தொடக்கமேயாம்.

முப்பொருளுண்மை முடிந்த முடிபே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அதனை உணரும் நம்மறிவு சிற்றறிவு. ஆணவமலம் நீங்குங்காறும் நாம் உணர்ந்த அளவினை முடிந்ததென எண்ணுதல் பொருந்தாது. ஆதலால் ஒவ்வொரு விடையின் பின்னும் "எதனால்?" என்று கேட்போமாக, பிள்ளைகளும் நம்மை அவ்வாறு கேட்க இடங்கொடுப்போமாக.