கொரோனா விட்டபின்னும் விடாத சோர்வு: பெற்றோர் என்ன செய்யலாம்?

காய்ச்சல் மூன்றே நாளில் விட்டிருக்கும். பிள்ளை பள்ளிக்கும் போகத் தொடங்கியிருக்கும். ஆனால் மாதக்கணக்கில் தலைவலி, வயிற்றுவலி, மாடியேறினால் களைப்பு. நேற்றுப் படித்த பாடம் இன்று நினைவில் இல்லை. வீட்டில் சோம்பேறி என்பார்கள், பள்ளியில் நடிக்கிறான் என்பார்கள். பிள்ளை சொல்வதை நம்புவதிலிருந்துதான் வைத்தியம் தொடங்குகிறது.

கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் இந்தப் பாதிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் குழந்தைகளுக்கென்றே ஒரு வரையறை தந்தது. தொற்று வந்து 3 மாதங்களுக்குள் தொடங்கி, குறைந்தது 2 மாதம் நீடிக்கும் தொல்லைகள் இதில் அடங்கும். வயதுக்கு வயது அறிகுறி மாறும். 2024-இல் வெளியான அமெரிக்காவின் ‘ரெக்கவர்’ ஆய்வு 5,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்தது. 6 முதல் 11 வயதினரிடம் வயிற்றுவலி, தலைவலி, தூக்கக் குறைவு, பள்ளிக்குப் போக மறுப்பது ஆகியவை தெரிந்தன. பதின்பருவத்தினரிடம் பகல்நேரச் சோர்வும் உடல்வலியும், வாசனையும் சுவையும் குன்றுவதும் முன்னே வந்தன.

“எங்கள் பிள்ளைக்குக் கொரோனாவே வரவில்லையே” என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) எடுத்த கணக்கில் 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கொரோனா எதிர்ப்பணுக்கள் இருந்தன. பலருக்குத் தொற்று வந்ததே தெரியவில்லை.

பிள்ளையை நம்பியபின் அடுத்த வேலை, ஒரு நோட்டுப் புத்தகம். தூக்கம், வலி, அன்று செய்த வேலை என ஒரு நாளைக்கு மூன்று வரி போதும். ‘செவ்வாய்: பி.டி. பீரியடில் கபடி, நன்றாக இருந்தான். புதன்: மாலை தலைவலி. வியாழன்: எழுந்திருக்கவே இல்லை.’ இப்படி எழுதினால்தான் உண்மை புலப்படும். உழைப்புக்குப் பின் வரும் சரிவு பல நேரம் உடனே வராது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் வரும். செவ்வாயின் விளையாட்டையும் வியாழனின் படுக்கையையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இரண்டு வாரக் குறிப்போடு குழந்தைநல மருத்துவரிடம் போகலாம். கொரோனாவுக்குப் பிந்தைய இந்தப் பாதிப்பை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இரத்தசோகை, தைராய்டு, காசநோய் போன்றவை இல்லையென்று முதலில் பார்த்துவிட வேண்டும். எழுந்து நின்றால் தலைசுற்றும் பிள்ளையாக இருந்தால், கொரோனா காலத்தில் வாங்கிப்போட்ட ஆக்ஸிமீட்டர் உதவும். படுத்திருக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க 10 நிமிடம் நின்றபோது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். பதின்பருவத்தினருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிமிடத்துக்கு 40-க்கு மேல் எகிறி நிலைத்தால் மருத்துவரிடம் அவசியம் காட்ட வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஓடும்போது மயக்கம் என்றால் நோட்டெல்லாம் பிறகு, நேராக மருத்துவமனைதான். தொற்று வந்து 2 முதல் 6 வாரத்துக்குள் விடாத காய்ச்சல், தோலில் தடிப்பு, கண் சிவப்பு, கடும் வயிற்றுவலி சேர்ந்து வந்தாலும் அப்படியே. அது இதயத்தைத் தாக்கக்கூடிய வேறொரு பாதிப்பு.

உழைப்புக்குப் பின் சரியும் பிள்ளையை ‘ஓடினால் சரியாகும்’ என்று மைதானத்துக்கு விரட்டுவது கெடுதல். களைப்பு தட்டுமுன்னே நிறுத்த வேண்டும். 20 நிமிடம் படித்தால் களைக்கிறதென்றால் 15 நிமிடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்கட்டும். டிவியும் செல்போனும் ஓய்வில் சேராது. நல்ல நாளில்தான் கவனம் அதிகம் தேவை. விட்ட பாடத்தையெல்லாம் அன்றே முடிக்கப் பார்ப்பதால்தான் பலர் மறுபடி விழுகிறார்கள்.

வாசனை போன பிள்ளைக்குச் செலவில்லாத பயிற்சி உண்டு. ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் சோதித்த முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நான்கும் நம் வீட்டில் கிடைப்பவை. யூகலிப்டஸுக்கு ஊட்டித் தைலம் இருக்கிறது. தைலத்தைத் தோலில் தடவாமல் பஞ்சில் ஒரு துளி விட்டு எட்டப் பிடித்தால் போதும். ஒவ்வொன்றையும் சில விநாடிகள், காலையும் இரவும், குறைந்தது 3 மாதம் முகர வேண்டும். பலன் மெதுவாகத்தான் தெரியும். கேஸ் கசிவோ கெட்டுப்போன சாப்பாடோ பிள்ளைக்குத் தெரியாதென்பதை அதுவரை வீட்டார் நினைவில் வைக்க வேண்டும்.

பள்ளிக்கு மருத்துவர் கடிதம் தேவை. பி.டி. விலக்கு, தரைத்தள வகுப்பறை, அரைநாள் வருகை, தேர்வில் இடைவேளை என்று அதில் தெளிவாக இருந்தால் வகுப்பாசிரியருக்கும் எளிது. மாலை டியூஷனை முதலில் நிறுத்திவிடலாம். அரைநாள் வருகையில் இரண்டு வாரம் சரிவில்லாமல் போனால் ஒரு பீரியட் கூட்டலாம். சரிந்தால், பழைய அளவுக்கே திரும்ப வேண்டும்.