உருளை ரோஸ்ட்: முதலில் உப்பு, கடைசியில் மிளகாய்

கேள்வி: உருளைக்கிழங்கை வெட்டி, தக்காளி, மிளகாய்த்தூளோடு வாணலியில் வதக்கினால் வெளியே கருகுகிறது, உள்ளே நறுக்கென்று நிற்கிறது. குக்கரில் வேகவைத்தால் குழைந்துவிடுகிறது. எங்கள் பொன்னமராவதிப் பக்கம் விருந்துகளில் வைப்பதுபோல மேலே முறுகலாக, உள்ளே வெண்ணெயாக வர என்ன செய்வது?
- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தக்காளிதான் உங்களைப் படுத்துகிறது. கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாது. கிழங்கு வேகும் என்று நீங்கள் காத்திருக்கிற நேரத்தில் மிளகாய்த்தூள் கருகிவிடுகிறது. இந்த வறுவலுக்குத் தக்காளியே வேண்டாம். வேகவைப்பதையும் வறுப்பதையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

கிழங்கு வாங்கும்போதே கவனம் வேண்டும். நம் மாவட்டத்துச் சந்தைக்கு உருளை வெளியிலிருந்துதான் வருகிறது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் நீலகிரிக் கிழங்கும் உண்டு, வடக்கே குளிர்கிடங்கில் கிடந்து வருவதும் உண்டு. கடுங்குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்படிப்பட்ட கிழங்கு தித்திக்கும், எண்ணெயில் சட்டென்று கறுக்கும். வாங்கியது அப்படியிருந்தால் ஒன்றிரண்டு வாரம் வெளியே, வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சர்க்கரை பெருமளவு குறைந்துவிடும். பிரிட்ஜில் வைக்கவே வேண்டாம்.

நெல்லிக்காய் அளவுச் சின்ன உருளை அரைக் கிலோ போதும். பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஒரு லிட்டர், கல் உப்பு இரண்டு தேக்கரண்டி, கிழங்கு மூன்றையும் சேர்த்தே அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் போட்டால் உள்ளே சூடு போய்ச் சேருமுன் மேல்பகுதி குழைந்துவிடும். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கியதும் வடித்து, தோல் உரித்து, முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்துங்கள். தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். இந்த அரைமணியைத் தயவுசெய்து சுருக்காதீர்கள். மேலே ஈரம் இருக்கும்வரை அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், கிழங்கு முறுகாது.

சோம்பு ஒரு தேக்கரண்டி, பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் பத்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். கனமான இரும்பு வாணலியில் செக்குக் கடலை எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கமெல்லாம் கடலை விளைகிற மாவட்டம் இது. வறுவலுக்கு அந்த வாசனைக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். எண்ணெயில் கை வைக்காதீர்கள், குறைத்தால் கிழங்கு வறண்டுபோகும்.

கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்து, கிழங்கைப் போட்டு மிதமான தீயில் விடுங்கள். ஓயாமல் கிளறினால் மேல்பக்கம் உதிரும். ஒரு பக்கம் பொன்னிறமான பிறகு மட்டும் புரட்டுங்கள். எல்லாப் பக்கமும் சிவந்ததும் இடித்த விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போக வதக்கி, தீயைக் குறைத்து, மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் தூவி இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும். வேகும்போதே கிழங்குக்குள் உப்பு இறங்கியிருக்கும், ருசி பார்த்த பிறகே மேற்கொண்டு சேருங்கள். இன்னும் செழுமை வேண்டுமென்றால் இறக்கும்போது ஒரு கரண்டி நெய்.

பந்தி தாமதமானாலும் மூடி வைக்காதீர்கள். ஆவி அடங்கி நமுத்துவிடும். வாணலியிலேயே திறந்து விட்டு, பரிமாறுமுன் ஒருமுறை சூடுகாட்டுங்கள்.