இசைத்தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுமுன்: எந்த கார்ட்ரிட்ஜ் நல்லது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் செய்ய விரும்பும் வேலைகளில் ஒன்று, வீட்டில் இருக்கும் பழைய எல்பி ரெக்கார்டுகளைப் பைல்களாக மாற்றுவது. இதற்கு எந்த சாப்ட்வேர் சிறந்தது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ரெக்கார்டு பிளேயரில் இருக்கும் ஊசி எப்படி இருக்கிறது? ஊசி எடுக்காத ஒலியை எந்த சாப்ட்வேராலும் கொண்டுவர முடியாது. தேய்ந்த ஊசியோ ரெக்கார்டையே கெடுத்துவிடும்.

கார்ட்ரிட்ஜ் என்றால் என்ன?

டோன் ஆர்மின் நுனியில் இருக்கும் சிறிய பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதன் அடியில் ஒரு மெல்லிய தண்டு. தண்டின் முனையில் வைர ஊசி. ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது அதிர்கிறது. அந்த அதிர்வு கார்ட்ரிட்ஜுக்குள் மின்சாரமாக மாறுகிறது. பள்ளத்தின் ஒரு சுவரில் இடது சேனலும் மறு சுவரில் வலது சேனலும் பதிவாகியிருக்கும்.

இரண்டு வகைகள்

1. மூவிங் மேக்னட் (எம்எம்): தண்டின் மறுமுனையில் சிறிய காந்தம் அசையும், காயில்கள் அசையாது. சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட் கிடைக்கும். ஊசி தேய்ந்தால், பெரும்பாலான மாடல்களில் அதை மட்டும் நீங்களே கழற்றி மாற்றலாம்.

2. மூவிங் காயில் (எம்சி): இதில் காயில் அசையும், காந்தம் அசையாது. காயிலில் சில சுற்றுகளே இருப்பதால் எடை குறைவு. நுணுக்கமான அதிர்வுகளையும் எளிதாகப் பின்பற்றும். ஆனால் பெரும்பாலும் கிடைப்பது அரை மில்லிவோல்ட் அல்லது அதற்கும் குறைவு. ஊசி தேய்ந்தால் பொதுவாகக் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும் அல்லது ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்.

ஊசி முனையின் வடிவம்

விலை ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கோனிகல் முனை உருண்டையானது. எலிப்டிகல் முனை பக்கவாட்டில் மெலிந்தது. ஷிபாட்டா, மைக்ரோலைன் போன்றவை இன்னும் நுட்பமாகத் தீட்டப்பட்டவை. பள்ளத்தின் சுவரை நீளவாக்கில் தொடும்.

வித்தியாசம் எங்கே தெரியும்? ரெக்கார்டின் வெளி ஓரத்தில் ஊசியின் அடியில் பள்ளம் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. மையத்துக்கு அருகே அது சுமார் 21 செ.மீ. ஆகக் குறைகிறது. அங்கே அலைகள் நெருக்கமாகிவிடும். எனவே கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' ஒலிகள் கரகரக்கும். நல்ல முனை இதை வெகுவாகக் குறைக்கும்.

ஆயுளும் வேறுபடும். ஆடியோ-டெக்னிகா நிறுவனம் தரும் கணக்குப்படி எலிப்டிகல் 300 மணி நேரம், கோனிகல் 500, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1000.

மூன்று கார்ட்ரிட்ஜ்கள்: ஓர் ஒப்பீடு

ஆர்ட்டோபோன் 2எம் ரெட்: எம்எம் வகை. எலிப்டிகல் முனை. 5.5 மில்லிவோல்ட். ஊசியின் அழுத்தம் 1.8 கிராம். இதே உடலில் 2எம் புளூ ஊசியைப் பொருத்தித் தரத்தை உயர்த்தலாம்.

ஆர்ட்டோபோன் 2எம் பிளாக்: இதுவும் எம்எம்தான். ஷிபாட்டா முனை. 5 மில்லிவோல்ட், 1.5 கிராம். விலை ரெட்டைப் போலப் பல மடங்கு. கோணம் சிறிது பிசகினாலும் கொடுத்த பணத்துக்குப் பலன் இருக்காது.

டெனான் டிஎல்-103: எம்சி வகை. ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்பு நிறுவனத்துக்காக 1960-களில் உருவானது. உருண்டை முனை. 0.3 மில்லிவோல்ட், 2.5 கிராம். கனமான டோன் ஆர்ம் தேவை. குரலுக்கு அருமை என்று பலர் விரும்பினாலும், கடைசிப் பாட்டின் கரகரப்பில் பிளாக்தான் ஜெயிக்கும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?

கார்ட்ரிட்ஜை நேரடியாக லைன்-இன் சாக்கெட்டில் செருகக் கூடாது. ரெக்கார்டில் பேஸ் குறைத்தும் டிரெபிள் கூட்டியும் பதிந்திருப்பார்கள். அதைச் சரிசெய்து ஒலியைப் பெருக்க போனோ பிரீஆம்ப் வேண்டும். எம்எம்முக்குச் சுமார் 100 மடங்கு பெருக்கம் போதும்; எம்சிக்குச் சுமார் 1000 மடங்கு வேண்டும். எம்எம் பிரீஆம்பில் எம்சியை இணைத்தால் பாட்டு மெலிதாகவும் இரைச்சல் பெரிதாகவும் கேட்கும். சில டர்ன்டேபிள்களில் பிரீஆம்ப் உள்ளேயே இருக்கும். அப்போது வெளியே இன்னொன்று வைத்தால் ஒலி சிதையும்.

பல லேப்டாப்களில் லைன்-இன் கிடையாது. அதில் இருக்கும் மைக் சாக்கெட் மோனோ. ஸ்டீரியோ லைன் உள்ளீடு உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்

1. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியைத் திறந்து 44100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று அமைக்கவும்.
2. ரெக்கார்டின் கடைசிப் பாட்டைப் பழைய ஊசியில் பதிவு செய்யவும். மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.
3. ஊசியை மாற்றி அதே பாட்டை மீண்டும் பதிவு செய்யவும்.
4. இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிய பிறகே கேட்கவும். சத்தம் கூடியது நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அது காதின் ஏமாற்று.
5. 16 பிட் வேவ் பைலாகச் சேமிக்கவும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும்.

எதை வாங்கலாம்?

பணத்தைச் செலவிடும் வரிசை முக்கியம். முதலில் ரெக்கார்டைச் சுத்தம் செய்யும் பிரஷ், ஊசியின் அழுத்தத்தை அளக்கும் சிறிய தராசு. அடுத்து நல்ல எலிப்டிகல் எம்எம். ரெக்கார்டுகள் நிறைய இருந்து, கடைசிப் பாட்டு உறுத்தினால் மைக்ரோலைன் அல்லது ஷிபாட்டா. பிரீஆம்பும் டோன் ஆர்மும் பொருந்தினால் மட்டுமே எம்சி.

ஒன்றை மறக்காதீர்கள். 78 ஆர்பிஎம் அரக்கு ரெக்கார்டுகளுக்கு எல்பி ஊசி ஆகாது. அகலமான தனி ஊசி வேண்டும்.

சில எல்பிக்கள் சிடியாக வந்ததே இல்லை. அந்த ரெக்கார்டு கீறினாலோ உடைந்தாலோ, உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருப்பதுதான் மிஞ்சும். எனவே பதிவு பட்டனைக் கிளிக் செய்யும் முன் ஊசியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.